வோட்டு ஞாயிறும் கசிமிரா அக்காவின் விருந்தாளியும்

பதின்மூவாயிரம் அடிக்கு மேலே, காற்றே மெலிந்த மலைநகரமான எல் ஆல்டோவில் பேருந்து நிலையத்தை ஒட்டி விடுதி நடத்தும் கசிமிரா அக்காவுக்குத் தொண்டை கட்டிப்போவது குளிரால் அல்ல, விருந்தாளிகளால். வந்த அன்றே வயிறு முட்டத் தின்னாதே, மாடிப்படியில் ஓடாதே, கோக்கா இலைத் தேநீர் குடி என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்வாள். தலையாட்டிவிட்டுப் போய் ஒரு முழுப் பொரித்த கோழியைத் தின்றுவிட்டு வந்து, "தலை சுத்துது" என்பார்கள். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகத்தை மிதித்த முதல் ஆள் நான். சுற்றுலாத் துறைப் பட்டத்தோடு அவளுடைய வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த எரிச்சலுக்கு அந்தப் படிப்பில் பாடமே இல்லை.

யோகென் என்ற ஜெர்மன்காரரிடம் வியாழக்கிழமையே சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை எலெக்‌ஷன். ஒரு வண்டியும் ஓடக்கூடாதுன்னு சட்டம். ரோப் கார்கூட ஓடாது. சனிக்கிழமையே ஏர்போர்ட்ல போய்ப் படுத்துக்கோ தம்பி."

"போன்ல டாக்சி காட்டுதே!" என்றார் அவர்.

ஞாயிறு காலை பெட்டியோடு வாசலில் நின்றார். போனில் ஒன்றும் காட்டவில்லை. செவ்வாயன்று ஊரில் அவர் அம்மாவுக்கு இதய ஆபரேஷனாம். இந்த விமானத்தை விட்டால் போய்ச் சேர வழியில்லை. அக்காவுக்கோ குலுக்கலில் வாக்குச்சாவடி வேலை விழுந்திருந்தது. போகாவிட்டால் அபராதம்.

"இதை அன்னைக்கே சொன்னா என்னய்யா? வாய்ல கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

பெட்டியைக் கோடுபோட்ட துணியில் சுற்றி முதுகில் கட்டிக்கொண்டு அவளே ஏர்போர்ட் பக்கம் நடந்தாள். என்னிடம் கொடு என்றேன்.

"விடு, உன் பட்டம் கசங்கிடும்."

யோகென் நாலடி வைப்பார், நின்று மூச்சு வாங்குவார். வண்டியில்லாத பெரிய சாலையில் பேட்டைக்காரர்கள் செங்கல்லைக் கோல் கம்பமாக வைத்துப் பந்தாடிக்கொண்டிருந்தார்கள். கோல்கீப்பர் ரெய்னால்டோ ரொட்டி வியாபாரி; அவனுடைய மூன்று சக்கர மிதிவண்டி ஓரத்தில் நின்றது.

"என்னக்கா, வெள்ளைக்காரனைக் கட்டிக்கிட்டு ஊர்வலமா?"

"ஆமா, சீர் முதுகுல இருக்கு. இவரைக் கொண்டுபோய் ஏர்போர்ட்ல விடு."

"மேட்ச் நடக்குதுக்கா! ஒரு கோல் முன்னால இருக்கோம்!"

"அவரோட அம்மா ஆஸ்பத்திரில கிடக்கா. உனக்குக் கோலாடா பெருசு?"

ரெய்னால்டோ பந்தைப் பார்த்தான். பெட்டியைப் பார்த்தான். "எனக்குப் பதிலா யாரு நிப்பா?"

அக்கா என்னைக் காட்டினாள். "படிச்ச பிள்ளை. நிக்கும்."

ரொட்டிக் கூடை இருக்கும் இடத்தில் யோகென் பெட்டியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்து போனார். அக்கா பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாக்குச்சாவடிக்கு ஓடினாள். நான் வரிசையாகக் கோல் விட்டேன். அன்று வாங்கிய திட்டுகளை இங்கே எழுத முடியாது.

சாயங்காலம் வந்த அக்கா, சாவடி திறக்கும்போது போய்ச் சேர்ந்துவிட்டதாகச் சொன்னாள். யோகெனிடமிருந்து செய்தியும் வந்திருந்தது. விமானம் கிடைத்துவிட்டது, நன்றி, மன்னிக்கவும். அவள் முகம் கொஞ்சம் இளகியது. அதற்குள் நான் அடுத்த வரியையும் படித்துத் தொலைத்தேன். அவருடைய நண்பர் அடுத்த மாதம் வருகிறாராம். வந்து இறங்குவது இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு ஞாயிறன்று. டாக்சி கிடைக்கும்தானே?

அக்கா தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். "கிடைக்காதுன்னு எழுது. பெரிய எழுத்துல எழுது. அதுக்குக் கீழ இன்னொரு தடவை எழுது."

எழுதினேன். உடனே பதில் வந்தது.

"அப்போ பஸ்?"