நாலாம் வார்டின் பெட்டி

ஜேடர்பாளையம் அணைக்கட்டுக்குக் கீழே, வாய்க்கால் ஓரத் தெருவில் அறிவுச்செல்வியைத் தெரியாதவர்கள் கிடையாது. வெற்றிலை கிள்ளுகிறவள். வாய் சும்மா இராதவள். ரேஷனில் பருப்பு ஏன் வரவில்லை, தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று யாரையும் வழிமறித்துக் கேட்டுவிடுவாள். அவள் புருஷன் காத்தான் நேர் எதிர். பத்துக் கேள்விக்கு ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். இருவரும் ஊர்ப் பெரிய தோட்டக்காரர் சுப்பையனிடம் கொஞ்சம் நிலம் குத்தகைக்குப் பிடித்து வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார்கள். அதற்கான தண்ணீர் சுப்பையன் தோட்டத்து மடையைத் தாண்டித்தான் வர வேண்டும். தெருவில் முக்கால்வாசிப் பேர் பிழைப்பும் அந்த மடையை நம்பித்தான். வெற்றிலைக் கொடி பொல்லாதது. வெயில் காலத்தில் சில நாள் தண்ணீர் காணாவிட்டால் துவண்டுவிடும், அப்புறம் என்ன ஊற்றினாலும் எழுந்திருக்காது.

அந்தத் தெருவை எந்தப் புண்ணியவான் எப்போது வெட்டினானோ, மூன்று துண்டாக்கி மூன்று வார்டுகளின் வாலில் ஒட்டியிருந்தார்கள். எந்த வார்டிலும் அவர்கள் ஓட்டுக்கு மதிப்பில்லை. தெருவிலிருந்து ஒருவர் பஞ்சாயத்து மெம்பரானதாகச் சரித்திரமே கிடையாது. வார்டு எல்லைகளைத் திருத்தப் போகிறோம், ஆட்சேபம் உள்ளவர்கள் வந்து சொல்லலாம் என்று அறிவிப்பு வந்தபோது ஊரில் யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. அறிவுச்செல்வி மட்டும் பஸ் ஏறி நாமக்கல் போனாள்.

“ஒரே தெருவுங்க. ஒரே கொழாய்ல தண்ணி புடிக்கறோம். ஓட்டுப் போடறப்ப மட்டும் எதுக்குங்க எங்களைப் பிச்சுப் போடறீங்க?” என்று அதிகாரி சுவாமிநாதனிடம் கேட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, வரைபடத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். புது எல்லைகள் வெளிவந்தபோது தெரு முழுவதும் ஒரே வார்டாக, நாலாம் வார்டாக இருந்தது. அன்றைக்குத் தெருவில் பாயசம் வைத்தார்கள். அவள் அழுதேவிட்டாள்.

தேர்தல் வந்தது. அவள் மெம்பருக்கு நின்றாள். தலைவர் பதவிக்குச் சுப்பையனின் மகன் குணசீலன் ஒரு பக்கம், மேற்கே இருக்கும் குக்கிராமத்து ஜெயபிரகாஷ் இன்னொரு பக்கம். ஜெயபிரகாஷ் நல்ல மனிதன். மடைத் தண்ணீரை முறை வைத்து எல்லோருக்கும் விடச் செய்வேன் என்று சொல்லி ஓட்டுக் கேட்டான்.

அந்தத் தெருவுக்குள் காலெடுத்து வைக்காத சுப்பையன் ஒரு நாள் காலையில் கொடிக்காலுக்கே நடந்து வந்தார். கோபமாக வந்திருந்தால் அவளுக்கு வாய் கொடுக்கத் தெரியும். அவர் சிரித்துக்கொண்டு வந்தார்.

“மெம்பரா நீயே இரு சாமி. எதுத்து ஒருத்தரும் நிக்கமாட்டாங்க, நாஞ் சொல்லிட்டேன். தலைவர் ஓட்டு மட்டும் நம்ம பையனுக்குப் போட்டுருங்க.”

“அது அவங்கவங்க இஷ்டமுங்களே” என்றாள்.

“இஷ்டந்தான். முன்னாடி உங்க ஓட்டு மூணு பெட்டில கலந்து கெடந்துச்சு. யாரு போட்டா, யாரு போடலைன்னு ஒருத்தருக்கும் தெரியாது. இப்ப உங்குளுக்குத் தனிப் பெட்டி. நீதானே அம்மிணி போராடி வாங்குனே?” கொடியில் ஒரு வெற்றிலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்தார். “நல்லாத் தழைஞ்சிருக்குது” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. நியாயம் என்று நினைத்து அவள் வாங்கி வந்தது, தெருவையே நடுச்சந்தியில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது. மறுபடியும் நாமக்கல் ஓடினாள். எல்லா வார்டுச் சீட்டுகளையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்துவிட்டு அப்புறம் எண்ணுங்கள் என்று கெஞ்சினாள்.

சுவாமிநாதன் மேலிடத்து உத்தரவை எடுத்துக் காட்டினார். “நீங்க கேக்கறது நியாயம்மா. ஆனா பெட்டி பெட்டியாத்தான் எண்ணச் சொல்லியிருக்காங்க. அதை மாத்தற அதிகாரம் எனக்கில்லை” என்றார். நல்லவர்தான். நல்லவர்களிடம் எப்போதுதான் அதிகாரம் இருந்திருக்கிறது!

அந்த வாரமே மடையில் தண்ணீர் ஒல்லியாக ஓடத் தொடங்கியது. நிற்கவில்லை. ஒல்லியாக, அவ்வளவுதான். பிறகு மாரியம்மன் கோயிலுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. ஊர் வழக்கம் என்னவென்றால், வீட்டுக்கு ஒரு ஆண்பிள்ளை தட்டில் எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அது வீட்டுக்கே கட்டு. அதை மீறினால் அம்மன் சும்மா விடமாட்டாள் என்பதில் சுப்பையனுக்கும் சந்தேகம் கிடையாது, சத்தியம் செய்கிறவனுக்கும் கிடையாது. தெரு ஆண்கள் வரிசையில் நின்று, குணசீலனுக்கே ஓட்டு என்று சொல்லிச் சூடத்தை அணைத்தார்கள். காத்தான் உள்ளங்கையில் கொப்புளத்தோடு திரும்பினான்.

அறிவுச்செல்வி வாழ்க்கையில் முதல்முறையாக வாயை அடக்கிக்கொண்டாள். குழாயடியில் பெண்களைக் கூட்டி, “கொடி காஞ்சா நாம என்னத்தத் திங்கறது? இந்தவாட்டி குணசீலனுக்கே போட்டுருவோம்” என்றாள். சொல்லும்போது அவளுக்கே தன்மேல் வெறுப்பாக இருந்தது. பெண்கள் அத்தனை பேரும் அப்படியே போட்டார்கள். அவளும் போட்டாள்.

குணசீலன் ஜெயித்தான். அவள் போட்டியில்லாமல் மெம்பரானாள். ஆனால் நாலாம் வார்டுப் பெட்டியைக் கவிழ்த்தபோது, குணசீலனுக்கு விழுந்த அளவுக்கு ஜெயபிரகாஷுக்கும் விழுந்திருந்தது. ஜெயித்தவனுக்கு எதற்கு அந்தக் கணக்கு என்று கேட்கலாம். தோற்றவனுக்குத் தோல்வியோடு முடிந்துவிடும். ஜெயித்தவனுக்கோ தன்னை எதிர்த்தது யார் என்று தெரிந்தே ஆகவேண்டும். சுப்பையனுக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை. ஆண்கள் தங்கள் கையாலேயே சூடம் அணைத்தவர்கள், மீற மாட்டார்கள். அப்படியானால் பொம்பளைகள்.

பெண்கள் எல்லோரும் விடிந்ததும் கோயிலுக்கு வந்து, குணசீலனுக்குத்தான் போட்டோம் என்று சூடம் அணைக்க வேண்டும் என்று சொல்லியனுப்பினார்.

அறிவுச்செல்விக்கு ஒன்றும் விளங்கவில்லை. “நாங்க அத்தன பேரும் அவனுக்குத்தானுங்க போட்டோம். பொறகு எப்படி?” என்று காத்தானிடம் கேட்டாள்.

அவன் கொப்புளம் உடைந்த கையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

“நாங்கதான்” என்றான். “ஆம்பளைங்க அத்தன பேரும். நீ நாமக்கல் வரைக்கும் போயி வாங்கியாந்த ஓட்டு. அதக் கொண்டுபோயி அவங்களுக்கே குடுக்க மனசு வரல.”

“சூடம் அணைச்சீங்களே!”

“ஆத்தா என்ற கண்ணைப் புடுங்குனாலும் புடுங்கட்டும்.” அவன் உண்மையிலேயே அதற்குத்தான் பயந்துகொண்டிருந்தான். இருபது வருஷத்தில் அவன்மேல் அவளுக்கு இவ்வளவு ஆசையும் இவ்வளவு ஆத்திரமும் ஒரே நேரத்தில் வந்ததில்லை.

மறுநாள் கோயிலில் குணசீலனும் பெரிய தலைகளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். தெரு ஆண்கள் வேலிக்கு அப்பால் நின்றார்கள். தட்டில் சூடம் எரிந்தது.

“மெம்பரம்மா நீயே மொதல்ல அணை சாமி” என்றார் சுப்பையன். “நீ போட்டிருப்பேன்னு எனக்குத் தெரியும். நீ அணைச்சீன்னா மத்தவங்களும் அணைப்பாங்க.”

அவள் அணைக்கலாம். ஒரு பொய்யும் இல்லை, அம்மனுக்குப் பயப்பட வேண்டியதும் இல்லை. அவள் பின்னால் நிற்கும் ஒவ்வொரு பெண்ணும் அதேபோல் சுத்தமான கையோடு அணைத்துவிட்டுப் போகலாம். அவள் கையை நீட்டினாள். சூடத்தின் வெக்கை உள்ளங்கையில் பட்டது. வேலிக்கு அப்பால் காத்தான் தலையைக் குனிந்துகொண்டிருந்தான்.

கையை இழுத்துக்கொண்டாள்.

“நான் அணைக்கமாட்டேனுங்க” என்றாள். பின்னால் நின்ற பெண்களும் அசையவில்லை. சூடம் தானாகவே எரிந்து அடங்கியது.

“செரி சாமி” என்றார் சுப்பையன், அதே மெல்லிய குரலில். “ஊட்டுக்குப் போங்க.”

திரும்பி நடக்கையில் காத்தான் வாய்க்கால் மேட்டில் அவளை எட்டிப் பிடித்தான். “நீ அணைச்சிருக்கலாமுல்ல? உனக்கென்ன பயம்? நீ போட்டது நெசந்தானே?”

“நாங்க அணைச்சுட்டா, அடுத்தாப்புல அவரு உங்க மூஞ்சியத்தானுங்க பாப்பாரு.”

கொடிக்காலுக்குள் போய் இருவரும் வெற்றிலை கிள்ளத் தொடங்கினார்கள். கொடி துவள்வதற்குள், இளசு, முற்றல் என்று பார்க்காமல், கைக்கு எட்டியதையெல்லாம் கிள்ளினார்கள். வாய்க்காலில் தண்ணீர் ஏற்கெனவே இறங்கிவிட்டிருந்தது. இரண்டு கரையிலும் ஈரக்கோடு மட்டும் தெரிந்தது.