கிளெண்டாவுக்கு ஒரு வக்கீல்

பஸ்ஸில் ஏறும்போது முழங்கை கதவில் இடித்துவிட்டால், கிளெண்டா கதவிடம் மன்னிப்புக் கேட்பாள். "சாரிம்மா கண்ணு" என்று அந்தத் தகரத்தைத் தடவியும் கொடுப்பாள். சாலையில் வழிவிட்ட காருக்கு ஒரு கையசைப்பு. வழிவிடாமல் குறுக்கே பாய்ந்தவனுக்கும் ஒரு கையசைப்பு. வேக்ஃபீல்ட் பணிமனையில் எத்தனையோ வருஷமாக அவளோடு பஸ் ஓட்டுகிறேன். யாரிடமும் அவள் 'முடியாது' என்று சொல்லி நான் கேட்டதில்லை.

தேநீர் விஷயத்தில் இன்னும் மோசம். யார் நீட்டினாலும் வாங்கிக்கொள்வாள். ஆறிப்போயிருந்தாலும், பால் திரிந்திருந்தாலும், அடி மண்டிவரை குடித்துவிட்டுத்தான் கப்பை வைப்பாள். "ஒருத்தங்க கையால வாங்கிக் குடிச்சிட்டு அவங்க பேச்சைத் தட்டலாமா? நல்லாவா இருக்கும்?" என்பாள். அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. எங்கள் யார்க்‌ஷயர் பக்கத்தில் ஒரு ஆளை மடக்க வேண்டுமென்றால் கத்தி கபடா எதுவும் தேவையில்லை, ஒரு கெட்டில் போதும்.

குள்ளமான உடம்பு. ஓட்டுநர் இருக்கையில் இரண்டு மெத்தை போட்டு உட்கார்ந்தால்தான் சாலை தெரியும். மதியச் சாப்பாடு பெரும்பாலும் ரொட்டிக்கு நடுவே உருளைக்கிழங்கு வறுவலை அடைத்து, மேலே வினிகர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி நெவில்தான் அவளுக்கு எல்லாம். பக்கவாதம் வந்ததிலிருந்து அவன் சக்கர நாற்காலியில், ஒரு காப்பகத்தில் இருக்கிறான். இவள் வாடகைக்கு இருப்பதோ மாடியில், லிஃப்ட் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகும்போதெல்லாம் அவன் ஒரே கேள்விதான் கேட்பான். "என்னைய எப்பக்கா கடத்திட்டுப் போகப் போற?" சிரித்துக்கொண்டேதான் கேட்பான். மறுநாள் இவள் பணிமனைக் கழிப்பறையில் போய் அழுதுவிட்டு வருவாள்.

அதற்காகத்தான் ஊருக்கு வெளியே கட்டிக்கொண்டிருக்கும் புதுக் குடியிருப்பில் ஒரு தரைவீடு பேசினாள். அங்கே மாதிரி வீட்டில் உட்கார்ந்து வீடு விற்கும் பெண் கிர்ஸ்டி. "உங்க தம்பிக்காக வாசப்படியை எடுத்துட்டுச் சரிவாப் போட்டுத் தர்றோம் கண்ணு. குளியலறைக் கதவையும் அகலமாக்கிடலாம்" என்று அவள் சொன்னதும் கிளெண்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே தேநீர் வந்தது. கூடவே வெண்ணெய் பிஸ்கெட். கப் பாதி காலியானபோது கிர்ஸ்டி மெதுவாகக் கேட்டாளாம். "பத்திர வேலைக்கு வக்கீல் பாத்துட்டீங்களா? எங்களுக்குத் தெரிஞ்ச ஆபீஸ் ஒண்ணு இருக்கு, எல்லாரும் அங்கதான். அவங்களை வெச்சுக்கிட்டீங்கன்னா தரைக் கம்பளம் எங்க செலவு."

கிளெண்டா தலையாட்டிவிட்டு வந்தாள்.

கேன்டீனில் இதைக் கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடிப்பாவி! விக்கிறவங்க கைகாட்டுற வக்கீலா? ஆட்டுக்குக் காவல் வைக்க ஓநாய்கிட்டயா ஆள் கேப்பே?"

"அந்தப் பொண்ணு எவ்ளோ அன்பா பேசுச்சு தெரியுமா? பிஸ்கெட்டு அவளே சுட்டதாம்."

"சுட்டது பிஸ்கெட்டை மட்டும்தானான்னு பாரு."

யாரை வேண்டுமானாலும் வக்கீலாக வைத்துக்கொள்ளலாம், வாங்குகிறவர் இஷ்டம். இது இங்கே எல்லாருக்கும் தெரியும். தேநீர் ஊற்றிக்கொடுக்கும் பெண்ணின் முகத்துக்கு நேரே சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வராது.

என் நச்சரிப்பு தாங்காமல் அந்த வக்கீல் ஆபீஸுக்குப் போன் செய்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு புதுக் குரல். சரிவும் அகலக் கதவும் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று கேட்டால், "அதான் கிர்ஸ்டி சொல்லிட்டாங்கல்ல, அப்புறம் என்னங்க? இது வழக்கமா எல்லாருக்கும் போடற ஒப்பந்தம்தான்" என்று பதில். கிளெண்டா நன்றி சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை போனால், நெவில் தன் ரேடியோவை அட்டைப்பெட்டியில் கட்டிவைத்துவிட்டு, காப்பகம் முழுக்க 'நான் வீட்டுக்குப் போறேன்' என்று சொல்லிக்கொண்டிருந்தானாம்.

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. சந்தைக்குப் பக்கத்தில், இறைச்சி அடைத்த 'பை' சுட்டு விற்கும் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் வக்கீல் ஓல்ட்ராய்ட் அம்மாவிடம் கிளெண்டாவை இழுத்துக்கொண்டு போனேன். கடுகடுத்த முகம். 'உட்காருங்கள்' என்றுகூடச் சொல்லவில்லை. கிர்ஸ்டி கொடுத்திருந்த ஒப்பந்த நகலைப் புரட்டிப் பார்த்துவிட்டு வரைபடத்தில் விரலை வைத்தார்.

"இங்க ரெண்டு படி போட்டிருக்கு. சரிவு எங்க?"

"கிர்ஸ்டி சொன்னாங்க..."

"சொன்னது காத்தோட போச்சு. இதுல கையெழுத்துப் போட்டீங்கன்னா உங்க தம்பி வாசல்லயே உக்காந்திருக்க வேண்டியதுதான். நான் வந்தா எல்லாத்தையும் எழுத்துல கேப்பேன். அவங்களுக்குப் பிடிக்காது. நாளாகும். வீடு கைநழுவியும் போகலாம். யோசிச்சுச் சொல்லுங்க."

படியிறங்கும்போது கிளெண்டா முணுமுணுத்தாள். "அந்தம்மா ஒரு டீகூடக் குடுக்கலையே."

"அதுக்காகவே அவங்களை வெச்சுக்கலாம்."

"ஆனா நான் தலையாட்டிட்டு வந்துட்டேனே! எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு மாத்திச் சொல்லுவேன்?" போனில் சொல்லித் தொலை என்றால் கேட்கவில்லை. நேரில் போய்ச் சொல்வதுதான் மரியாதையாம். தனியாக விட்டால் இரண்டு கப் குடித்துவிட்டுக் கையெழுத்தும் போட்டுவிட்டு வருவாள் என்று நானும் கூடப் போனேன்.

கெட்டில் எங்களுக்கு முன்னாலேயே கொதித்துக்கொண்டிருந்தது. "வாங்க கண்ணு, வாங்க!" கிர்ஸ்டி பிஸ்கெட் தட்டை நகர்த்தினாள். கிளெண்டா நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"அது வந்து... வக்கீல் விஷயமா..."

கிர்ஸ்டியின் சிரிப்பு அப்படியே இருந்தது. குரல் மட்டும் இறங்கியது. "வெளி வக்கீல்னா இழுத்தடிப்பாங்க கண்ணு. இன்னொரு ஜோடி இதே வீட்டைக் கேட்டு உயிரை வாங்குறாங்க. நெவிலுக்காகத்தான் நான் பிடிச்சு வெச்சிருக்கேன். இன்னைக்குள்ள அந்த ஆபீஸ் பேரைப் போட்டுட்டா கவலையே இல்ல."

கிளெண்டாவின் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. போச்சு, சரி என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே அவளுக்கென்று பேசிய வீடு. கூரை போட்டாகிவிட்டது. வாசலில் சிமென்ட் ஈரம்கூடக் காயாமல் இரண்டு படி.

"அங்க படி கட்டியிருக்கே" என்றாள்.

"அதையெல்லாம் அப்புறமாச் சரிபண்ணிக்கலாம்."

"அப்ப எழுதிக் குடுத்துடறீங்களா?"

"என்ன கண்ணு, என்மேல நம்பிக்கை இல்லையா?" கிர்ஸ்டி நிஜமாகவே மனம் நொந்தவள்போலப் பார்த்தாள். "முதல்ல சூடா ஒரு வாய் குடிங்க. நிதானமாப் பேசலாம்." தேநீர்க் கூஜாவைத் தூக்கி, கிளெண்டாவின் கப்பின்மேல் சாய்த்தாள்.

"சாரிம்மா கண்ணு" என்றாள் கிளெண்டா. "ஓல்ட்ராய்ட் அம்மா எழுதிக் கேப்பாங்க."

சொல்லிவிட்டு, கப்பின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.