வரைபடத்தின் நடுவில் ஒரு ரோல்ஸ் கடை

எங்கள் வர்த்தகர் சங்கத்தின் வெள்ளி விழாவில் பேச்சே வேண்டாம் என்று குழுக் கூட்டத்தில் நான் சொன்னபோது, பகிடி விடுகிறேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

“அப்ப பொன்னாடையை ஆருக்குப் பிள்ளை போர்க்கிறது?” என்று தலைவர் அங்கிள் உண்மையாகவே கவலைப்பட்டார்.

பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்து முடித்துவிட்டு, வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்த என்னை ‘கொம்பியூட்டர் தெரிஞ்ச பிள்ளை’ என்று சங்கம் பிடித்துக்கொண்டது. விழா மலருக்குக் கடைக்காரர்களின் வரலாற்றை எழுதி வாங்குவது என் வேலை. யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரித்தான் தொடங்கினார்கள்: “முதலிலை இன்னாற்றை கடையிலை நிண்டனான்.” புதிதாக வந்த ஆளுக்கு யார் கடையில் இடம் இருக்கிறது என்று நாலைந்து முதலாளிமார் ஒருவருக்கொருவர் போன் எடுத்துக் கேட்டதில்தான் சங்கமே தொடங்கியிருந்தது. எனக்குத் தலைக்குள் பல்ப் எரிந்தது. கனடாவில் நாங்கள் இருக்கும் ஸ்காபரோவின் பெரிய வரைபடம் ஒன்று. கடைக்கு ஒரு குத்தூசி. முதன்முதல் வேலைக்கு நின்ற கடையிலிருந்து பிறகு திறந்த சொந்தக் கடைக்கு ஒரு கம்பளி நூல். சங்கம் என்ன செய்தது என்று மேடையில் அரை மணித்தியாலம் சொல்வதைவிட இது போதாதா?

அன்றிரவே வட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டேன். ‘விழாவுக்கு வாருங்கள், உங்கள் நூலை நீங்களே கட்டுங்கள்!’ பட்டாசுப் படங்கள் வேறு. ஒருவரைத் தவிர எல்லோரிடமிருந்தும் கட்டைவிரல் படம் வந்தது. தாளில் கோடு போட்டுப் பார்த்தேன்: கேற்றரிங்காரர், கேக் கடை, இனிப்புக் கடை, சாப்பாடு கட்டிக் கொடுக்கும் ரேக் அவுட் என்று சாப்பாட்டுக் கடைகளின் கோடுகள் பெரும்பாலும் ஒரே இடத்தில் போய் முடிந்தன. மில்லிக்கன் பக்கத்து பிளாசா ஒன்றில் ரோல்ஸ், பற்றீஸ் பொரித்து விற்கும் கடை. அந்தக் கடைக்கார அன்ரி மட்டும்தான் பதில் போடவில்லை. அவர் வராவிட்டால் வரைபடத்தின் நடுவில் பெரிய ஓட்டை விழும்.

சனிக்கிழமை காலை நேரே போனேன். கதவு வரைக்கும் வரிசை.

“சங்கத்திலை இருந்து வாறன் அன்ரி. வட்ஸ்அப்பிலை மெசேஜ் போட்டனான்…”

“வட்ஸ்அப்பிலை பல்லு டொக்டரும் மெசேஜ் போடுறார், ரெலிபோன் கொம்பனியும் போடுது. எல்லாத்துக்கும் நான் போறதே?”

வரிசை சிரித்தது. நான் விடவில்லை. “நீங்கள் இல்லாட்டி நடுவிலை ஓட்டை விழும் அன்ரி.”

“விழட்டும். உவன் வாறானோ?” கார் நிறுத்தும் இடத்துக்கு அந்தப் பக்கம் இருந்த ரேக் அவுட்டை நாடியால் காட்டினார். அந்தக் கடைக்கார அண்ணை ஆறு வருசம் இவருடைய குசினியில் சமையலுக்கு நின்றவர். பிரிந்த நாளிலிருந்து இருவருக்கும் கதை பேச்சு இல்லை. எல்லோருக்கும் தெரிந்த விசயம்.

வாய் சும்மா இருக்குமா? “எதிரிலை கடை போட்டதுதானே அன்ரி கோவம்?” என்று கேட்டுவிட்டேன்.

அன்ரி கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். “கடை போட்டதுக்கு ஆர் கோவிச்சது? என்னட்டை நிண்டவை எத்தினை பேர் கடை போட்டிருக்கினம். எல்லாரும் முன்னாலை வந்து நிண்டு, ‘அக்கா வரவேணும்’ எண்டு கடை திறப்புக் கார்டைக் கையிலை தந்தவை. நானும் போய்ப் பால் காய்ச்சிக் குடுத்தனான். உவன் மட்டும் நான் இல்லாத நேரம் பாத்துக் கார்டைக் கவுண்டரிலை வைச்சிட்டுப் போனவன்.”

எனக்கு முகம் சுட்டது. அச்சடித்த அழைப்பிதழ்கள் பெட்டியோடு என் காரின் பின்பக்கத்தில்தான் கிடந்தன. ‘இனி ஆருக்கு அங்கிள் கார்டு?’ என்று தலைவரின் வாயை அடைத்ததும் நான்தான். கனடாவில் பிறந்த எனக்கு அழைப்பு என்றால் போனில் வரும் ஒரு படம். அன்ரிக்கோ, எதிரே வந்து நின்று கூப்பிடாதவர் கூப்பிடவே இல்லை.

ஒரு கார்டை எடுத்துக்கொண்டு எதிர்க்கடைக்கு ஓடி, அன்ரி சொன்னதை அப்படியே சொன்னேன்.

“அக்கா உப்பிடியே சொன்னவ?” அண்ணை அடுப்பைக் குறைத்தார். “ஏசுவா எண்ட பயத்திலைதான் தங்கச்சி வைச்சிட்டு ஓடி வந்தனான். பிறகு போவம் எண்டு இருந்தன். பிந்தப் பிந்தப் பயம் கூடிப்போச்சு.”

“இந்தக் கார்டை நீங்களே அவவின்ரை கையிலை குடுங்கோ. இப்ப வாங்கோ.”

“இப்பவோ? ஏப்ரனோடையோ?”

ஏப்ரனோடுதான் வந்தார். வந்தவர் நேரே உள்ளே போகாமல் வரிசையின் கடைசியில் நின்றார்.

“உங்கடை கடையிலை ரோல்ஸ் முடிஞ்சுதோ அண்ணை?” என்று யாரோ கேட்க, கடையே சிரித்தது. அண்ணைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அவருடைய முறை வந்தது. “என்ன வேணும்?” என்றார் அன்ரி, தெரியாத ஆளைக் கேட்பதுபோல.

அண்ணை கார்டை இரண்டு கையாலும் நீட்டினார். “சங்கத்தின்ரை விழா. அக்கா வரவேணும்.”

“கையெல்லாம் ரஸ்க் தூள். உதிலை வை.”

அவர் வைக்கவில்லை. “கழுவிக்கொண்டு வாங்கோ அக்கா. நான் நிக்கிறன்.”

“கெதியாக் கழுவுங்கோ அன்ரி, எங்கடை பற்றீஸ் ஆறுது!” என்றது வரிசை. அன்ரி உள்ளே போனார். பைப்பில் தண்ணீர் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. சிவந்த கண்ணோடு வந்தவர், கையைத் துடைத்து, கார்டை இரண்டு கையாலும் வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தார்.

“நேரத்துக்குத் தொடங்குமோ?”

“இந்த முறை பேச்சு இல்லை அக்கா.”

“அப்ப வாறன். உன்ரை ரோல்ஸுக்கு மிளகு காணாது எண்டு ஆக்கள் சொல்லினம்.”

“ஆக்களோ, நீங்களோ?”

“போடா அங்காலை. ஆக்கள் நிக்கினம்.”

அடுத்த கிழமை முழுவதும் நான் காரோடும் கார்டோடும்தான். ஸ்காபரோவின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரைக்கும் கடை கடையாக ஏறினேன். எதிரே நின்று கூப்பிட்டால் மனிதர்கள் எப்படிக் கதைக்கிறார்கள்! தொலைபேசியில் ஒரு வரி சொன்னவர்கள் தேத்தண்ணி தந்து முழுக் கதையும் சொன்னார்கள். கோடுகள் இரண்டு மடங்காகின.

விழா அன்று மண்டபத்துக்கு முதலில் வந்தவர் அன்ரி. பிறகு வந்த அண்ணை நூலின் ஒரு நுனியை அன்ரியின் குத்தூசியில் கட்டினார். மற்ற நுனியை அன்ரி வாங்கி, “உன்ரை கடை எதிலை கிடக்கு? உவ்வளவு கிட்டவோ?” என்று முணுமுணுத்தபடி தானே முடிச்சுப் போட்டார். இரண்டு ஊசிகளும் ஒட்டிக்கொண்டு நின்றதில் நூல் தெரியவே இல்லை. முடிச்சுத்தான் தெரிந்தது. கை தட்டியது நான்தான் முதலில்.

அன்ரி நூல் பந்தைத் திருப்பித் தரவில்லை. “எனக்கும் ஒருத்தர் வேலை தந்தவர் எல்லோ? டவுன்ரவுனிலை, கிரேக்கக்காரன்ரை கடை. கோப்பை கழுவினனான். அதை எங்கை கட்டுறது?”

“வரைபடம் அங்கை வரைக்கும் இல்லை அன்ரி.”

“இல்லாட்டி ஒட்டு.”

மிஞ்சிய வெள்ளைத் தாள் ஒன்றில் டவுன்ரவுன் என்று எழுதி வரைபடத்தின் இடப்பக்கம் ஒட்டினேன். அதைப் பார்த்ததும் பின்னால் வரிசை கூடிவிட்டது. “பிள்ளை, எனக்கு மொன்றியல்!” “எனக்கு பேர்லின், அதையும் போடு!” வரைபடம் இருந்த பலகை போதவில்லை, சுவரில் ஒட்டத் தொடங்கினேன். சுவரில் ஒட்டுநாடா ஒட்டக் கூடாது என்று மண்டப முகாமையாளர் கத்திக்கொண்டு வந்தார். அன்ரி அவரைத் திரும்பியும் பார்க்காமல், பேர்லின் தாளின் மூலையைப் பெருவிரலால் அமத்திப் பிடித்துக்கொண்டு, “நேராய் ஒட்டு பிள்ளை” என்றார்.