சொன்ன அளவு மழை

எங்கள் மலையூரில் எல்லா வீட்டிலும் கைபேசிக்குச் சிக்னல் எடுக்காது. எங்கள் வீடு மேட்டில் இருப்பதால் எனக்கு எடுக்கும். அதனால்தான் பருவமழை முன்னறிவிப்பைக் கேட்டு ஊருக்குச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்பு, அந்தப் பருவத்தில் வழக்கத்தைவிட மழை கூடுதலாக இருக்கும் என்று வேளாண் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. சந்தோஷமாகவே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். பக்கத்து நிலத்து அக்கா, கணவர் இறந்த பிறகு தனியாகப் பயிர் செய்பவர். மழை பொய்த்தால் மறுபடி விதைக்க வேண்டுமே என்று, எப்போதும் சாமை விதையில் பாதியை எடுத்து வைத்துவிட்டுத்தான் விதைப்பார்.

"நெஜமா பெய்யுமாம்மா?" என்று கேட்டார்.

"பெய்யும்னுதாங்க்கா சொல்றாங்க."

முதல் மழையிலேயே மொத்த விதையையும் போட்டார். நாங்களும் போட்டோம்.

பயிர் விரல் உயரம் வந்ததும் மழை நின்றுபோனது. ஆடி முழுக்க வெறும் காற்று. பயிர் வெளுத்தது, பழுத்தது, இழுத்தால் வேரோடு கையில் வந்தது. அடிவாரத்து ஆலங்காயத்துக்கு இறங்கிப் போய் விதை வாங்கி வந்து மறுபடி விதைத்தோம். அது எப்படியோ தேறி, கதிர் முற்றும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அறுக்க விடவே இல்லை. சாய்ந்த கதிரிலேயே மணிகள் முளைவிட்டன.

அக்கா வரப்பில் நனைந்தபடி நின்றுகொண்டிருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"இன்னாம்மா இது?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருக்கலாம்.

தை மாதம், முன்னறிவிப்பால் பயன் இருந்ததா என்று மதிப்பிட அந்த அலுவலகம் அனுப்பிய ஒரு பெண் வந்தார். மரியாதையான பெண். பள்ளிக்கூடத்தில் கூடினோம்.

"கூடுதலா பெய்யும்னு சொன்னாங்க. பெஞ்சுதுங்களா?"

"பெஞ்சுது" என்றேன். "வேண்டிய நேரத்துல பெய்யலீங்க. எல்லாம் அறுப்புல வந்து கொட்டுச்சு."

"எப்ப நிக்கும், எப்ப கொட்டும்னு அவ்ளோ முன்னாடி சொல்ல முடியாதுங்க. மொத்தமாத்தான் சொல்ல முடியும்."

அக்கா கேட்டார்: "அப்ப அத வச்சி நாங்க இன்னா பண்றது?"

மடக்குவதற்காகக் கேட்கவில்லை. பதில் கிடைத்திருந்தால் அதன்படியே செய்திருப்பார். அந்தப் பெண் கையிலிருந்த நோட்டை மூடினார். பிறகு, "தெரியலீங்க" என்றார். அவர் மீது எனக்குக் கோபம்கூட வரவில்லை.

மாசியில் அக்கா காப்பித் தோட்ட வேலைக்குக் கர்நாடகாவுக்குக் கிளம்பினார். பஸ் ஏற்றிவிடப் போனேன்.

"நெலத்த இன்னா பண்றதுங்க்கா?"

"கெடக்கட்டும். யாருக்கு வேணுமோ ஓட்டிக்கட்டும்."

அவர் திரும்பி வரவில்லை. அவருடைய நிலத்தில் இப்போது உன்னிச்செடி மண்டிவிட்டது. எங்கள் நிலத்திலும் என் கணவர் பாதிதான் உழுகிறார். மீதியையும் உழுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.