நாத்தனார் பக்கத்துச் சக்கரம்

என் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் ‘மீட்டர்’ என்றுதான் பெயர். கார்களில் மின்சார வேலை செய்பவர். யார் என்ன சொன்னாலும் நம்பமாட்டார். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். பெண் பார்க்க வந்த அன்று என் அப்பா பக்கத்திலேயே இருந்ததால் நான் தப்பித்தேன். அதே பட்டறையின் ஓரத்தில் நான் கார் சீட் தைக்கிறேன்.

நாத்தனார் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். அவரிடம் ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கார் இருக்கிறது. இரண்டே சீட். ஒரு சுவிட்சைத் திருப்பினால் சஸ்பென்ஷன் மெத்தென்று ஆகும், மறுபடி திருப்பினால் விறைத்துக்கொள்ளும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே ஒரு குட்டி மோட்டார் இருந்து அந்த வேலையைச் செய்கிறது.

அதில் போய்வந்தால் நாத்தனார் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்குவாள். “எனக்கு ஒண்ணுமே தெரியலையே” என்பார் ஓட்டிவந்த அண்ணன். “எச்சரிக்கை லைட் எரியலைக்கா, வண்டியில குறையே இல்லை” என்பார் என் வீட்டுக்காரர். நான் அவள் சீட்டுக்கு இரண்டு தடவை ஸ்பாஞ்ச் மாற்றினேன். மாற்றிவிட்டு, ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம் என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவளும் நான்தான். டாக்டர், பெல்ட், உடற்பயிற்சி எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் அவள் அந்தக் காரில் ஏறுவதையே விட்டுவிட்டாள்.

போன வாரம் எச்சரிக்கை லைட் சிமிட்டுகிறது என்று அண்ணன் காரைக் கொண்டுவந்தார். சுவிட்சைத் திருப்பியதும் மூன்று சக்கரங்களில் ‘டிக்’ என்றது. நாத்தனார் உட்காரும் பக்கத்துப் பின்சக்கரத்தில் சத்தமே இல்லை. டிக்கியின் கார்ப்பெட்டை விலக்கி டார்ச் அடித்தேன். ஒயர் இணைப்பில் கறுப்பு டேப், அதன்மேல் பச்சை நூல்.

என் நூல். டேப் சூட்டில் பிரிந்துவிடும் என்று மேலே என் தையல் நூலைச் சுற்றிக் கட்டுவது இவர் ஒருவருடைய பழக்கம்.

பிரித்தால் உள்ளே ஒரு ரெசிஸ்டர், ஒரு பக்கம் பற்றவைப்பு விட்டுப்போயிருந்தது. அதைப் பார்த்ததும்தான் இவருக்கு ஞாபகம் வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த மோட்டார் விறைத்த நிலையிலேயே செத்துப்போயிருக்கிறது. புதுசு கிடைக்கவில்லை. லைட் கண்ணை உறுத்துகிறது என்று அண்ணன் நச்சரிக்க, மோட்டார் நன்றாக இருப்பதாகக் காரை ஏமாற்ற, அதற்குப் பதிலாக இந்த ரெசிஸ்டரைப் பற்றவைத்து லைட்டை அணைத்திருக்கிறார். பார்ட் கிடைத்ததும் மாற்றலாம் என்று நினைத்தவர் மறந்தே போனார். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாள் என்பார்கள். இவருடையது ஒன்பது வருஷம் ஓடியிருக்கிறது, அதுவும் சொந்த அக்கா இடுப்பின் மேல்.

“அவகிட்ட எதுக்குடா சொல்லணும்? பேசாம மாட்டிவிடு” என்றார் அண்ணன். எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. நான் கேலியாகச் சிரித்த விஷயமும் அதோடு மூடிப்போகுமே.

உடைத்த கார் ஒன்றிலிருந்து கழற்றிய மோட்டார் அலமாரியில் இருந்தது. அதை எடுத்துச் சுத்தம் செய்து, மீட்டர் வைத்துப் பார்த்து, மேஜைமேல் வைத்துவிட்டு இவர் அக்காவுக்குப் போன் செய்தார்.

வந்தவள் கையில் ரெசிஸ்டரை வைத்து, ஒன்று விடாமல் சொன்னார்.

“அப்ப எனக்கு வலிச்சது நிஜம்தானா?”

“நிஜம்தான்க்கா. தப்பு என்னோடது.”

“நானே என்னை நம்பறதை விட்டுட்டேன்டா” என்று சொல்லி அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. தைத்துக்கொண்டிருந்த துணியில் தலையைப் புதைத்துக்கொண்டேன்.

இவர் மோட்டாரை மாட்டக் குனிந்தார். நாத்தனார் தடுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு அண்ணனிடம் கை நீட்டினாள்.

“சாவியைக் குடுங்க. நீங்க என் சீட்டுல உக்காருங்க.”

அந்தக் காரை அவள் ஓட்டியதே இல்லை. அன்று ஓட்டினாள், பட்டறைக்குப் பின்னால் இருக்கும் குண்டும் குழியுமான தெருவாகப் பார்த்து. திரும்பி வந்ததும் அண்ணன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு இறங்கினார். அடுத்து இவர் போனார். வந்து, கதவைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினார்.

“இன்னும் யாராவது இருக்கீங்களா?” என்றாள் நாத்தனார், என்னைப் பார்க்காமல்.

நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஏறிக்கொண்டேன்.