ரூத்தாவின் வலது கை

ரூத்தா சம்மணமிட்டு உட்கார்ந்ததும் வலது கையை மடக்கித் தொடைக்கு அடியில் செருகிக்கொள்வாள். பிறகு உடம்பின் பாரத்தை அதன்மேல் மெல்லச் சாய்ப்பாள். சாப்பிடுவது இடது கையால். விரல்கள் மரத்துப்போனால் வெளியே எடுத்து உதறுவாள். மறுபடி அதே இடம்.

என் பெரியம்மா மகள். தாய் இறந்தபின் சவாயி தீவில் எங்கள் வீட்டில் வளர்ந்தாள். பதினாலு வயதில் ஒரு தொண்டை வலி வந்து போனது. இரண்டு மாதம் கழித்து அந்தக் கை தானாகத் துள்ளத் தொடங்கியது. முகம் கோணும். நாக்கு சட்டென்று நீண்டு உள்ளே போகும். தூங்கும்போது மட்டும் எல்லாம் அடங்கிவிடும்.

"பாத்தியா, தூக்கத்துல ஆடல. அத்தனையும் நடிப்பு" என்றாள் அம்மா.

ஒரு ஞாயிறு, ஆராதனை முடிந்து போதகர் வீட்டில் விருந்து. ரூத்தா பரிமாறினாள். போதகர் முன் குனிந்தபோது நாக்கு நீண்டது. கோழிச் சூப்பு அவர் மடியில் கொட்டியது.

"ஊழியக்காரருக்கே நாக்கத் துருத்துறியாடி?" அம்மா அங்கேயே விளக்குமாற்றை எடுத்தாள்.

"நான் பண்ணல சித்தி, அதுவா வருது."

"அதுவா வருதாம்! நாக்குக்குத் தனியா புத்தி மொளச்சிருக்கு" என்றாள் போதகர் மனைவி. கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒரு வருடம் அவள் போதகர் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்று ஊர்ப் பெரியவர்கள் விலக்கிவைத்தார்கள். ஐந்தாறு மாதத்தில் துள்ளல் நின்றது. "அடி வேல செஞ்சிருச்சு" என்று அம்மா வீடு வீடாகச் சொன்னாள். கையை ஒளிக்கும் பழக்கம் மட்டும் நிற்கவில்லை.

பிறகு மூச்சு வாங்கியது. தேங்காய்க் கூடையோடு மேட்டில் பாதியில் உட்கார்ந்துவிடுவாள். "மறுபடி நாடகமா? எந்திரிடி!" என்பாள் அம்மா. எழுந்துவிடுவாள்.

இருபத்திரண்டு வயதில், ஏழு மாதக் கர்ப்பத்தில், படுத்தால் மூச்சு முட்டியது. தூணில் சாய்ந்தே நான்கு நாள் இருந்தாள். அதன் பிறகுதான் கப்பலேற்றித் தலைநகர் ஆப்பியாவில் இருந்த பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவளும் பிழைக்கவில்லை, பிள்ளையும் பிழைக்கவில்லை.

"சின்ன வயசுல கை, மூஞ்சி துள்ளுச்சா?" என்று மருத்துவர் கேட்டார். தலையாட்டினேன்.

"தொண்டைக்கு வந்த கிருமிய அடிக்கக் கெளம்புன ஒடம்பு, ஆளு தெரியாம சொந்த மூளையையும் இதயத்தையும் சேத்து அடிச்சிருக்கு தம்பி. மூளை தேறிடும். இதயம் தேறல. மாசம் ஒரு ஊசி போட்டிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது."

"எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் ஒரு பழைய பதிவேட்டைப் புரட்டினார். எங்கள் ஊருக்கு இதற்காகவே ஆட்கள் வந்து பிள்ளைகளின் நெஞ்சைக் கருவி வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பட்டியலில் என் பெயர் இருந்தது. ரூத்தாவுக்கு நேரே 'வரவில்லை' என்றிருந்தது. அவள் விலக்கப்பட்ட மூன்றாம் மாதம் அது. இடம், போதகர் வீட்டுக் கூடம்.