பேட்டன் ரூஜுக்கு பஸ்ஸில் போன கதை

ஹீற்றருக்கு மேலே ஈரக் கோட்டுகள் காயும் வாசம்... நனைந்த கம்பளியும் யாரோ சாப்பாட்டுப் பெட்டியில் கொண்டுவந்த மீன்குழம்பும் கலந்த மாதிரி. ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நான் படித்த, பெரியவர்களுக்கான பள்ளிக்கூடத்தை நினைத்தால் அந்த வாசம்தான் முதலில் வருகிறது.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம். நர்சிங் படிக்க ஒரேயொரு கிரெடிட் குறைந்தது. ஜியோகிராபி.

பக்கத்துக் கதிரை தவமலர் அக்காவுடையது. இரண்டு பிள்ளைகளின் தாய். காலையில் பிஸ்கட் பாக்டரி, பின்னேரம் வகுப்பு. வகுப்பில் ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பேசமாட்டார். ஆனால் என்னிடம் தமிழில் பேசும்போது அவருக்கு உலகத்தில் ஒரு சந்தேகமும் கிடையாது.

அன்று பஸ் பிந்தியதால் பாதி வகுப்பில்தான் நான் போய்ச் சேர்ந்தேன். சோடிக்கொரு நகரத்தைப் பற்றி... அதன் நிலம், ஆறு, சனத்தொகை எல்லாம்... இரண்டிரண்டு பேராக வகுப்பின் முன் பேச வேண்டுமாம். ரீச்சர் சீட்டுக் குலுக்கிக் கொடுத்துவிட்டார். எங்கள் சீட்டில், 'சதர்ன் ஸ்டேட் கப்பிட்டல், பேட்டன் ரூஜ்.'

“ரூஜ் எல்லே பிள்ளை. என்ரை மச்சாள் உங்கைதான் இருக்கிறா. பஸ்ஸிலை போயிட்டு வரலாம்” என்றார் அக்கா. ரூஜ், ஸ்காபரோவின் கிழக்கு ஓரத்தில் ஓர் ஆற்றோடு கிடக்கும் இடம்.

“அப்ப பேட்டன் எண்டால்?”

“அதுக்குள்ளை ஒரு பகுதியாக்கும்.”

“சதர்ன் எண்டு கிடக்கே.”

“ஆறு போய் ஏரியிலை விழுற பக்கம்.”

“கப்பிட்டல்?”

“தலைப்பை கப்பிட்டல் எழுத்திலை எழுதட்டாம்.”

நான் நம்பினேன். ஊருக்குப் புதியவள், வேறென்ன செய்வேன்...

சனிக்கிழமை ரூஜுக்குப் போய், மச்சாளின் தெருவில் வீடு வீடாகக் கதவு தட்டினோம். கேள்விகளை ஆங்கிலத்தில் பாடமாக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தமிழர். நாங்கள் வாய் திறக்க முதல் அவர்கள் கேட்டார்கள், “பிள்ளையள் ஊரிலை எவடம்?” ஐந்து வீட்டில் தேத்தண்ணி. ஒரு வீட்டில் அவித்த கடலையும்.

ஒரு அங்கிள் மட்டும் எங்கள் கையிலிருந்த பைலைப் பார்த்து, அரசாங்க ஆட்கள் என்று பயந்துவிட்டார்.

“வீட்டிலை எத்தினை பேர், அங்கிள்?” என்று கேட்டேன்.

“நாலு பேர். பேஸ்மென்ற்றிலை ஒருத்தரும் இல்லை.”

நிலத்துக்குக் கீழே களவாக ஆட்களை வாடகைக்கு வைக்கும் பேஸ்மென்ற்றைப் பற்றி நாங்கள் கேட்கவேயில்லை. அந்த நேரம் பார்த்துக் கீழே யாரோ இருமினார்கள். அக்கா முகம் மாறாமல் எழுதினார்: 'நாலு பேர். ஒரு இருமல்.'

பிறகு ஆற்றைப் பார்க்கப் போனோம். பனி உருகிய சேற்றில் அக்காவின் ஒரு சப்பாத்து புதைந்து போனது. மச்சாளின் புருசனின் செருப்போடுதான் வீடு திரும்பினார்.

பேசும் நாள் வந்தது. எங்களுக்கு முன் எழும்பிய இருவரும் நாஷ்வில் பற்றிப் பேசினார்கள். பெரிய வரைபடம் ஒன்றை ஒட்டினார்கள். நான் அந்தப் படத்தைப் பார்த்தேன்... நாஷ்வில்லுக்குக் கீழே, கடலோரமாய், பேட்டன் ரூஜ் என்று இருந்தது.

“அக்கா, இது அமெரிக்கா.”

“எது?”

“எல்லாம்.”

அதற்குள் ரீச்சர் எங்களைக் கூப்பிட்டுவிட்டார். நான் எழும்பவில்லை. எழும்பியது தவமலர் அக்கா. அத்தனை மாதமும் வாய் திறக்காத மனுசி, வகுப்பின் முன் நின்று, பைலைத் திறந்து, உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்: பேட்டன் ரூஜில் பெரும்பாலும் தமிழர் வசிக்கிறார்கள். மிக நல்ல மனிதர்கள். ஆறு இருக்கிறது, சேறு ஆழம். ஒவ்வொரு வீட்டிலும் கீழே சிலர் இருக்கிறார்கள், ஆனால் இல்லை.

ரீச்சர் சிரிக்கவில்லை. முடியும்வரை கேட்டார். பிறகு சுவரிலிருந்த உலகப் படத்தில், ரொறன்ரோவிலிருந்து விரலை வைத்துக் கீழே, கீழே, இன்னும் கீழே கொண்டுபோய் நிறுத்தினார்.

அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றார். “உதுக்கு பஸ் இல்லைப் போல” என்றார் என்னிடம், மெல்ல.

எனக்கு அழுகை வந்தது. கிரெடிட் போனது, நர்சிங் போனது என்றே நினைத்தேன். ஆனால் ரீச்சர், “மற்ற எல்லாரும் புத்தகத்தைப் பார்த்து எழுதினார்கள். நீங்கள் மட்டும்தான் மனிதரிடம் போய்க் கேட்டீர்கள்” என்று சொல்லி, திரும்பப் பேச இன்னுமொரு கிழமை தந்தார்.

அந்தக் கிழமை முழுக்க லைப்ரரியில் கிடந்தோம். மிசிசிப்பி ஆற்றங்கரை. லூசியானாவின் தலைநகரம். சனத்தில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர். பிரெஞ்சுப் பெயர், அர்த்தம் சிவப்புத் தடி. பக்கத்து நியூ ஓர்லியன்ஸில் புயலும் வெள்ளமும் வந்தபோது, சனம் அள்ளுப்பட்டு வந்து சேர்ந்ததும் இந்த ஊருக்குத்தான்.

ஈர நிலம் என்பதால் அங்கே வீடுகளுக்கு பேஸ்மென்ற் கட்டுவது அரிது என்றும் ஒரு புத்தகத்தில் இருந்தது. அதை அக்காவால் தாங்க முடியவில்லை.

“பேஸ்மென்ற் இல்லாட்டி, ஓடி வந்த சனம் எங்கையடி இருந்தது?”

இரண்டாம் முறை வகுப்பில் இதே கேள்வியை அவர் ஆங்கிலத்தில் கேட்டார். சோமாலியாவிலிருந்து வந்த ஒரு பெண், “பொது மண்டபத்தில் படுத்திருப்பார்கள்... நாங்கள் அப்படித்தான்” என்றாள்.

இருவரும் பாஸ். அக்கா என்னைவிட இரண்டு மார்க்ஸ் கூட.

இப்போது நான் நர்ஸ். அக்கா அஜின்கோர்ட்டில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் டேகெயார் நடத்துகிறார். ரூஜில் வீடு வாங்கி எனக்கு எட்டு வருடமாகிறது. வாசலில் யாராவது மணி அடித்தால் வாசல் கமராவில் விழும் முகத்தைப் போனில் பார்த்து, தெரியாத ஆளென்றால் பேசாமல் இருந்துவிடுகிறேன். இடதுபக்க வீட்டுக்காரரின் நாயின் பெயர் தெரியும். அவருடைய பெயர் தெரியாது.

என் தெருவில் எத்தனை பேர் இருக்கிறார்கள், எவடத்து ஆட்கள் என்று இன்று யாரும் கேட்டால் நான் முழிப்பேன்.

பேட்டன் ரூஜ் பற்றிக் கேளுங்கள்... இப்பவும் பாடமாகச் சொல்லுவேன்.